எர்த் கம்பி

மார்ச் 4
அண்ணி, கொழுந்தனுக்கு

‘அன்புள்ள தம்பிக்கு’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். இந்தத் தாளில் அது இல்லை.

மூன்று வாரமாகப் போன் செய்கிறாய். எடுக்க மாட்டேன். போனில் ஒன்று சொல்லிவிட்டு, மறுநாள் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பது உங்கள் வீட்டு வழக்கம். எழுது. எழுதினது அழியாது.

நீ தேடுகிற பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. வீட்டை விட்டு வந்த அன்று வலது கையில் துணிப்பை, இடது கையில் உன் பெட்டி. அந்தக் கை மரத்துப் போயிருந்ததால், கைப்பிடி சுண்டுவிரலை அறுத்து ரத்தம் வந்ததே இரண்டு தெரு தள்ளித்தான் தெரிந்தது. எதிரே வந்த ஒருவர் சொன்னார்.

கிட்டார் ஒலியை மாற்றுகிற ஆறு பெடலுக்கும் ஆறு அடாப்டரை மேடைக்கு மேடை சுமந்தவள் நான். பாதிப் பாட்டில் பேட்டரி தீர்ந்து அசடு வழிந்தவளும் நான். அதைப் பார்த்துத்தான் ஆம்ப்ளிஃபயருக்கும் பெடல்களுக்கும் சேர்த்து இந்த ஒரே பெட்டியைச் செய்து கொடுத்தாய். ஒரே பிளக், சொருகினால் போதும் என்றாய். நாள் முழுக்க ம்ம்ம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தோம். பிறகு ஒருநாள் முணுமுணுப்பு நின்றது. கெட்டிக்காரன் என்று உன்னை நாலு பேரிடம் சொன்னேன்.

மேடையில் அன்று இரண்டாவது பாட்டு. இடது கை கம்பிகளை அழுத்தியிருக்க, மைக்கில் வாய் வைத்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரி மின்விசிறி. பிடித்த பிடியை விட முடியாமல் மரம் மாதிரி நின்றேனாம். விளக்குக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாராம். உன் அண்ணன் எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார். நீ மேடை ஓரத்தில் நின்றாய். பிளக்கைப் பிடுங்க மூன்றாம் மனிதர் ஒருவர் வர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் மூடித்தான் கிடந்தேன், காது மூடவில்லை. டாக்டரிடம் நீ சொன்னாய்: “அண்ணி தண்ணி குடிச்சிட்டு ஈரக் கையோட கிட்டாரத் தொட்டுட்டாங்க.” உன் அண்ணன் ஒத்து ஊதினார்: “அவளுக்கு எப்பவும் அவசரம்தான்.” மண்டபக்காரருக்கும் இதே கதை. இரண்டே வாரத்தில் என் இடத்தில் வேறு கிட்டாரிஸ்ட்.

நேற்று நரம்பு டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். மோதிர விரலும் சுண்டு விரலும் இனி வராது. சாப்பிடலாம், துணி துவைக்கலாம், கிட்டார் மட்டும் முடியாது.

அதனால் ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கியிருக்கிறேன். உன் பெட்டி மூடியில் எட்டுத் திருகு இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். என் கையில் ஈரம் இருந்ததோ இல்லையோ, உங்கள் இரண்டு பேர் நெஞ்சிலும் அது இல்லை என்பது தெரிந்துவிட்டது.


மார்ச் 11
கொழுந்தன், அண்ணிக்கு

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல்.

கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையே ஓடவில்லை. நீங்கள் என்னை இப்படி நினைப்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

நடந்தது விபத்து. அந்த மண்டபத்து வயரிங் தாத்தா காலத்தது, சுவரைத் தொட்டாலே சுருக்கென்று இருக்கும். நீங்கள் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு கிட்டாரை மாட்டியதை நான் பார்த்தேன். அதைத்தான் டாக்டரிடம் சொன்னேன். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இல்லை.

தயவுசெய்து பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். தெரியாதவர்கள் கை வைக்கக் கூடாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அக்கறையில் சொல்கிறேன். ஒரு ஆளை அனுப்புகிறேன், கொடுத்து விடுங்கள். பெட்டியில் கோளாறு என்று நினைக்கவே வேண்டாம். இதே பெட்டியை ஐந்து குழுக்கள் என்னிடம் கேட்டு வாங்கிப் போயிருக்கின்றன. உங்கள் தோழி இருக்கிற அந்த மூன்று சகோதரிகள் குழுகூட வாங்கியது. ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை.

அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. புதிதாக வந்தவருக்கு உங்கள் கை இல்லை என்று சலித்துக்கொள்கிறார். குடும்பம் என்றால் நாலும் இருக்கும். நீர் அடித்து நீர் விலகுமா? நீங்கள் திரும்பி வந்து வீட்டில் இருந்தால் போதும், பாட்டுக் கற்றுக்கொடுக்கலாம், நேரம் போகும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி


மார்ச் 16
அண்ணி, கொழுந்தனுக்கு

நேரம் போக எனக்கு நீ வழி சொல்ல வேண்டாம். மோட்டார் வைண்டிங் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். போன் எடுப்பது, வருகிற மோட்டார்களில் அடையாளச் சீட்டுக் கட்டுவது. முடிச்சுப் போடப் பல்லையும் பயன்படுத்துகிறேன்.

அங்கே செப்புக் கம்பி சுற்றுகிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் உன் பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். உள்ளே தங்கிய கரண்டை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியும், நீ கவலைப்பட வேண்டாம்.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர். ஆம்புக்குத் தனிச் சுற்று, பெடல் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று, ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் ஏறாது என்று நீ என்னிடம் படம் வரைந்து காட்டினாய். உள்ளே இருப்பது ஒரே சுற்று. அதிலிருந்து ஏழு கிளை. ஒரே வாளித் தண்ணீரில் ஏழு பேர் கைவிட்ட கதை. மாமியார் ஏன் முணுமுணுத்தாள் என்று இப்போது புரிகிறது. சோம்பலில் செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று கேட்கப் போவதில்லை.

அடுத்தது, பேஸ் கம்பி, கரண்டைக் கொண்டுவருகிற கம்பி. டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் தகட்டுக்கு அடியில் அது நசுங்கி, மேல்தோல் பிய்ந்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேனில் குலுங்கிக் குலுங்கித் தேய்ந்திருக்கும் என்றார். இதுகூட ஆளைக் கொல்லாதாம். எர்த் கம்பி இருந்தால் கரண்ட் அதன் வழியே மண்ணுக்கு ஓடி, பியூஸ் போய், பெட்டி செத்திருக்கும். மனுஷன் தப்பித்திருப்பான்.

பிறகு அவர் டார்ச்சை என் கையில் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். பச்சைக் கம்பி, அதுதான் எர்த், பாதியில் நின்றது.

“இது அறுந்தது இல்லம்மா. வெட்டுனது. கட்டர் வச்சு வெட்டி, நுனியில டேப் சுத்தியிருக்கு. தெரிஞ்சவன் செஞ்ச வேல.”

போக வழியில்லாத கரண்ட் பெட்டியில் இருந்து ஆம்புக்கும், ஆம்பில் இருந்து கிட்டார் கம்பிக்கும், கம்பியில் இருந்து என் விரலுக்கும், என் உதட்டில் இருந்து மைக்குக்கும் போயிருக்கிறது. நீ வெட்டிய பச்சைக் கம்பியின் இடத்தில் என்னை நிறுத்தினாய்.

இப்போது நான் சொல்வதைக் கேள். பெட்டி அன்று இருந்தபடியே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் தேதி அதே மண்டபத்தை ஒரு மணி நேரத்துக்கு எடுத்திருக்கிறேன். வா. உன் ஈரமில்லாத கையால் கிட்டாரைப் பிடித்து, மைக்கில் வாய் வைத்து ஒரு வரி பாடு. பெட்டியில் கோளாறு இல்லை என்று எழுதியிருக்கிறாய், அந்தக் கடிதமும் என்னிடம் இருக்கிறது. அப்படியென்றால் உனக்கு என்ன நஷ்டம்? விளக்குக்காரரைக் கூப்பிட மாட்டேன்.

வரவில்லை என்றால் அந்த ஐந்து குழுக்களையும் நானே தேடிப் போவேன், இந்தப் பெட்டியையும் என் கையையும் எடுத்துக்கொண்டு.


மார்ச் 22
கொழுந்தன், அண்ணிக்கு

அண்ணி,

என்னைக் கொல்ல வேண்டும் என்றே முடிவு செய்துவிட்டீர்களா? நீங்களா இப்படி எழுதுகிறீர்கள்? எனக்கு டைபாய்டு வந்தபோது பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றின கையா?

சரி. வெட்டினேன். ஒத்துக்கொள்கிறேன். மேடை வேலை செய்கிறவன் எவனும் இதைச் செய்யாமல் இருந்ததில்லை. ஹம் என்கிற அந்த முணுமுணுப்பு வந்தால் எர்த்தைக் கழற்றுவது ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆம்பிலிருந்து ஒரு எர்த், மிக்ஸரிலிருந்து ஒரு எர்த், இரண்டும் சுற்றிக்கொண்டு ம்ம்ம் என்று கத்தும். ஒன்றை எடுத்தால் அமைதி. பேஸ் கம்பி நசுங்கும் என்று நான் ஜோசியம் பார்த்தேனா? அன்று ரெக்கார்டிங். ஸ்டுடியோக்காரர் நூறு தடவை மணியைப் பார்க்கிறார். அண்ணன் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். என் நிலைமையில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

(இதற்குக் கீழே மையால் அடித்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். எழுத்துப் பிழை.)

இரண்டாம் தேதி வர மாட்டேன். கோழை என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்த ஐந்து குழுக்களிடம் போக வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன். அந்த ஐந்திலும் ஹம் தொல்லை வேண்டாம் என்று முதலிலேயே இரண்டு பின் பிளக்தான் போட்டேன். எர்த்தே கிடையாது. இது வெளியே தெரிந்தால் இந்தத் தொழிலில் என்னை ஒருவன் வாசலில்கூட நிற்க விட மாட்டான்.


மார்ச் 27
அண்ணி, கொழுந்தனுக்கு

நீ அடித்த ஒன்றரை வரியை ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெயிலில் பார்த்தேன். நீ பேனாவை அழுத்தி எழுதுகிறவன். தாளின் பின்பக்கம் விரல் வைத்தால் எழுத்துத் தட்டுப்படுகிறது. என் வலது கை விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன.

‘ஹம் நிற்கவில்லை என்றால் எர்த்தை வெட்டிவிடு, அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று அண்ணன்தான் சொன்னார்.’

இந்த வரியைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். பதினொரு மோட்டாருக்குச் சீட்டுக் கட்டினேன். மாலையில் மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினார். ஒன்றுகூடச் சரியில்லையாம்.

ரெக்கார்டிங் நாள் எனக்கு நினைவிருக்கிறது. உன் அண்ணன் என்னைக் கிட்டார் கம்பி வாங்கி வரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினார். என் பையில் இரண்டு செட் இருக்கிறது என்றேன். இருக்கட்டும், இன்னொன்று வாங்கி வா, ராசியான கடை என்றார். ராசி பார்க்கிற ஆளா அவர்? அப்போது தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அமைதி. “மாமியார் போய்ச் சேந்துட்டாங்களா?” என்று கேட்டேன். மூன்று பேரும் சிரித்தோம். உன் அண்ணன்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஆக, ஆஸ்பத்திரியில் அவளுக்கு எப்பவும் அவசரம் என்று சொன்னவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்.

இரண்டாம் தேதி மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உனக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். ஐந்து பெட்டியையும் நீயே போய்த் திரும்ப வாங்கு. ஆள் அனுப்பக் கூடாது, போனில் சொல்லக் கூடாது. வாசலில் நின்று, நான் எர்த் இல்லாமல் செய்தேன், இதே மாதிரிப் பெட்டியால் என் அண்ணியின் கை போனது என்று உன் வாயால் சொல். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார். ஒவ்வொருவரிடமும் எனக்கு ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு. மாட்டேன் என்றால் அடுத்த கடிதம் உனக்கு வராது, ஸ்டேஷனுக்குப் போகும்.

நான் அந்த வரியைப் படித்துவிட்டேன் என்று உன் அண்ணனிடம் சொல்லாதே. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.


ஏப்ரல் 7
கொழுந்தன், அண்ணிக்கு

அண்ணி,

நீங்கள் போன் எடுக்கவில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். படித்ததும் தயவுசெய்து உடனே செய்யுங்கள்.

நான்கு பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. அவர்கள் எழுதிக் கொடுத்த நாலு சீட்டும் இதோடு இருக்கின்றன. முதல் ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டாவது, ஹோட்டலில் வாசிக்கிற குழு. அங்கே பாடுகிற பையன் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக, “நல்ல நேரத்துல வந்தீங்க, ஒரு வாரமா மைக் கடிக்குது” என்றான். உதட்டில் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கிறதாம். கீழே ரப்பர் பாய் போட்டுச் சமாளிக்கிறானாம். அண்ணி, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அடிக்கத் தோன்றுகிறது.

ஐந்தாவதுதான் பிரச்சினை. அந்த மூன்று சகோதரிகள். மூத்தவர் உங்கள் தோழி, அதனால் எங்கள் வீட்டு ஆட்களோடு பேச்சில்லை என்று போனை வைத்துவிட்டார். நேரில் போனேன். நான்கு இடத்தில் சொல்லிவிட்டு வந்தவன்தான். ஆனால் அவர் உங்களைப் பற்றிக் கேட்டதும் வாய் வரவில்லை. சின்ன சர்வீஸ் செய்ய வேண்டும், பெட்டியைக் கொடுங்கள் என்றேன். சனிக்கிழமை ஷோ இருக்கிறது, முடிந்ததும் வா என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வரும் சனிக்கிழமை, 12ஆம் தேதி. உங்கள் பேச்சை மட்டும்தான் அவர்கள் கேட்பார்கள். மறுநாள் ஞாயிறு நான் ஹோட்டல் குழுவுக்குத் தனித்தனி அடாப்டர் மாட்டிக் கொடுக்கப் போகிறேன், மாலை வரை அங்கேதான் இருப்பேன்.

ஒன்றையும் மறைக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அன்று ஸ்டுடியோவில் நான் அண்ணனிடம் சொன்னேன், எர்த் இல்லாமல் ஏதாவது ஆனால் கிட்டாரைப் பிடித்திருப்பவருக்குத்தான் அடிக்கும் என்று. அவர் என்ன சொன்னார் என்றால், “அவ என்ன சின்னக் கொழந்தையா, பாத்துப்பா.” அதற்குப் பிறகுதான் வெட்டினேன். எச்சரித்தேன் என்பது எனக்கு இத்தனை நாள் ஆறுதலாக இருந்தது. இப்போது எழுதிப் பார்த்தால் இல்லை.


ஏப்ரல் 15
அண்ணி, கொழுந்தனுக்கு

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அன்றே மூத்தவளிடம் போனில் சொல்லிவிட்டேன். சரி சரி என்றாள். ஆனால் அவள் தங்கைகளை எனக்குத் தெரியும், போட்டுப் பார்ப்போமே என்று மாட்டிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை நேரிலேயே போனேன்.

நினைத்தது சரி. பெட்டி மேடையில் சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. கடைசித் தங்கை கிட்டாரை மாட்டிக்கொண்டு மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தாள். நான் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஷோவுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. இப்ப வந்து கரண்ட நிறுத்துனா எப்படிக்கா?” என்று அவள் சிணுங்கினாள்.

நான் என் இடது கையை அவள் கையில் வைத்தேன். சுண்டு விரலைக் கிள்ளச் சொன்னேன். கிள்ளினாள். இன்னும் அழுத்திக் கிள்ளு என்றேன். நகம் பதிந்தது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அழுதுவிட்டாள். எல்லார் முன்னாலும் சொன்னேன், யார் செய்தது, யார் செய்யச் சொன்னது என்று. ஒலிக்காரர், மண்டபக்காரர், தரை கூட்டுகிறவர் எல்லாரும் கேட்டார்கள். நான்கு இடத்தில் உண்மை சொன்ன வாய் ஐந்தாவது இடத்தில் ‘சின்ன சர்வீஸ்’ என்றதையும் சொன்னேன். உனக்கு இனி அந்த வட்டாரத்தில் வேலை கிடைக்காது. வருத்தப்பட மாட்டேன். சகோதரிகள் கடைக்குப் போய்ப் பேட்டரி வாங்கிப் பெடல்களுக்குப் போட்டு, ஆம்பை இரவல் வாங்கி வாசித்தார்கள்.

மறுநாள் மதியம் உங்கள் வீட்டுக்குப் போனேன். நீ இருக்க மாட்டாய் என்று நீயே எழுதியிருந்தாய்.

உன் அண்ணன் கதவைத் திறந்து, “சொல்லிட்டு வந்திருக்கலாமே” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மெலிந்துதான் இருக்கிறார். ஒரு நிமிடம் என் மனசு பழைய இடத்துக்குப் போய்விட்டு வந்தது. மறைக்கவில்லை.

என் பழைய பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன், மாட்டிப் பார்க்கலாம் என்றேன். எதற்கு என்று கேட்டார். நான் ஒத்திகை அறைக்குப் போனேன். பஞ்சு மெத்தை ஒட்டிய அதே சுவர், ஜன்னல் பக்கம் அதே டிரம்ஸ். என் பழைய கிட்டார் மூலையில் கிடந்தது, ஒரு கம்பி அறுந்து தொங்கிக்கொண்டு. ஆம்ப், பெடல், மிக்ஸர், மைக், எல்லாவற்றையும் அன்று மேடையில் இருந்த மாதிரியே மாட்டினேன். அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் சுவிட்ச் அவர் முழங்கைக்குப் பக்கத்தில். நான்தான் எட்டிப் போட்டேன். பெட்டி ம்ம்ம் என்று முணுமுணுக்க ஆரம்பித்தது.

நீ அங்கே இருந்திருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உனக்குப் புரிந்திருக்கும். வெள்ளிக்கிழமையே மெக்கானிக் பேஸ் கம்பியை மாற்றி, எர்த்தைச் சேர்த்து, விளக்கு வைத்துச் சோதித்துக் கொடுத்துவிட்டார். இனி இது கத்தும், கத்தினால் நல்லது என்றார். உன் அண்ணனுக்கு டிரம்ஸ் தவிர ஒன்றும் தெரியாது. அவருக்கு அது அதே பெட்டி.

கிட்டாரை நீட்டினேன். “இதப் பிடிச்சுக்கிட்டு மைக்ல ஒரு வரி பாடுங்க.”

“நான் எதுக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாதே.”

“வாசிக்க வேணாம். சும்மா கம்பியப் பிடிச்சாப் போதும்.”

அவர் சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கிட்டாரை இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டினேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

“வேணாம்” என்றார்.

“ஏன்?”

“வேணாம்னா விடேன்.”

வெட்டச் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கைகள் முதுகுக்குப் பின்னால் போனதே போதும். அதற்காகத்தான் போயிருந்தேன், அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. கிட்டாரை நானே மாட்டிக்கொண்டேன். மரத்த கையைக் கம்பிகள் மேல் வைத்தேன். மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். அவசரப்படவில்லை. அவருக்கு வேண்டிய நேரம் கொடுத்தேன்.

அவர் பாய்ந்து வரவில்லை. வேண்டாம் என்று கத்தவில்லை. சுவிட்ச் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது, ஒரு விரல் போதும். உன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் வாயை மைக்கில் வைத்து, பாட்டெல்லாம் இல்லை, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். ஸ்பீக்கரில் என் குரல் வந்ததும் கண்ணைத் திறந்து பார்த்தார். அந்த முகத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். அது என்னுடையது.

எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எர்த் சேர்த்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. நீ சொல். என்னை உயிரோடு பார்த்துவிட்டதால் ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அப்படி நினைத்து நிம்மதியாக இருக்க விடாதே. இது நான் உனக்குக் கொடுக்கிற கடைசி வேலை.


ஏப்ரல் 22
கொழுந்தன், அண்ணிக்கு

அண்ணி,

சொல்லிவிட்டேன்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். நீங்கள் போன நாளிலிருந்து அவன், பெட்டி தானாகச் சரியாகிவிட்டது, நம்மைப் பிடித்த கெட்ட நேரம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். மே மாதத்து நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்டான். அப்போதுதான் சொன்னேன், அது தானாகச் சரியாகவில்லை, அண்ணி சரி செய்து கொண்டுவந்தார்கள், நீ தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

“அப்ப, அவ என்னச் சோதிச்சுப் பாக்கத்தான் வந்தாளா?” என்றான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். “கரண்ட் இருக்குன்னுதானே நினைச்ச? சுவிட்ச் பக்கத்துலதானே இருந்துச்சு? ஏன் அணைக்கல?”

பொய் சொல்வான் என்று நினைத்தேன். பயத்தில் தோன்றவில்லை என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, “கை வரலடா” என்றான். அவ்வளவுதான். எழுந்து போய்க் கை கழுவினான்.

நான் என் சாமான்களைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நண்பன் கடை மாடியில் இருக்கிறேன். சகோதரிகளும் தங்கள் பெட்டியை அனுப்பிவிட்டார்கள். ஐந்து பெட்டியையும் உடைத்து டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக எடுத்துவிட்டேன், யாரும் திரும்ப மாட்ட முடியாது.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று தெரியும். இதோடு இரண்டு பக்கம் தனியாக வைத்திருக்கிறேன். அன்று ஸ்டுடியோவில் நடந்தது, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்ன பொய், ஐந்து பெட்டி, எல்லாம் தேதியோடு இருக்கிறது. யார் சொன்னது, யார் வெட்டியது என்று பிரித்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதையும் மையால் அடிக்கவில்லை. ஸ்டேஷனில் கொடுப்பதோ, வைத்திருப்பதோ உங்கள் இஷ்டம்.

கொடுப்பதாக இருந்தால் யோசிக்காமல் கொடுங்கள். அதில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது.